எஞ்சின் இலக்கம் மாறக்கூடாது: பழைய மொறிஸ் மைனர் ஒன்றைக் குறைந்த செலவில் பிரித்துக் கட்டிய அனுபவம்

அக்கா முதலில் கேட்டது ஒரேயொரு கேள்விதான். "தம்பி, எஞ்சினை மாத்தாமல் இதை ஓடப் பண்ணலாமோ?"

திருகோணமலை அன்புவழிபுரத்தில் அக்காவின் வளவு மூலையில், தகரக் கொட்டிலுக்குக் கீழே, 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று பதினாறு வருடமாக நின்றது. அது அத்தானின் கார். 2007ஆம் ஆண்டு ஒருநாள் வேலைக்கென்று போனவர் இன்றுவரை வீடு வந்து சேரவில்லை. அன்றைக்கு அவர் சைக்கிளில் போனதால்தான் கார் வீட்டில் நின்றது.

காரின் புத்தகம் அத்தானின் பெயரில் இருக்கிறது. வாகனத்தின் எஞ்சினை மாற்றினால் புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். அதற்கு உரிமையாளரின் கையொப்பம் வேண்டும். கையொப்பம் வைக்க அவர் இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் உரித்து மாற்றலாம். அக்கா அதை எடுக்க மாட்டா. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, காணாமல்போனவர்களின் குடும்பங்கள் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணக்கிடைக்கவில்லை என்று ஒரு சான்றிதழ் பெற வழி வந்தது. அதையும் அவ வாங்கவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. வருடக்கணக்காகப் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியில் நிற்பவரிடம் அதைக் கேட்க முடியாது.

ஆகவே 2023 தை மாதம் எனக்குக் கிடைத்த வேலை இதுதான்: புத்தகத்தில் இருக்கிற அதே இலக்கம், அதே எஞ்சின், அக்காவின் சீட்டுக் காசு 2 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய். அதற்குள் கார் ஓட வேண்டும். ஓடினால் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி மாதம் ஒரு வருமானம் பார்க்கலாம். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். வேறொரு கார் வாங்குவது எங்கள் கணக்கில் இல்லவே இல்லை. இதே நிலையில் வளவில் வாகனத்தை வைத்திருக்கும் குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் நிறைய உண்டு. அவர்களுக்கு உதவும் என்றுதான் செய்ததைச் செய்தபடி எழுதுகிறேன்.

இந்தக் காரின் பூர்வீகம் யாழ்ப்பாணம். 2002ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்தபோது அத்தான் அங்கே போய் வாங்கி, ஓட்டிக்கொண்டே வந்தார். நெற்றியில் பழைய ஸ்ரீ இலக்கத் தகடு. 1957இல் கொண்டுவரப்பட்டு, மறு வருடம் தார் பூசும் போராட்டத்துக்குக் காரணமான அதே ஸ்ரீதான். யாழ்ப்பாணத்தில் இருந்த கார் என்றால் அதற்கு இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. 1990களில் அது மண்ணெண்ணெய் குடித்திருக்கும்.

அந்தக் காலத்தை அங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொருளாதாரத் தடையில் பெற்றோல் சொட்டுக் கணக்கில்தான் கிடைத்தது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை, தெரு முழுக்க மணம். புதிய ஜப்பான் கார்கள் படுத்துவிட்டபோது இந்தக் கிழட்டு எஞ்சின்கள் ஓடியதற்குக் காரணம் அவற்றின் குறைந்த அமுக்க விகிதமும், இரும்பில் வார்த்த தடித்த உடம்பும்தான். ஆனால் கூலி இல்லாமல் எந்த எஞ்சினும் அந்த வேலையைச் செய்வதில்லை. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே சம்புக்குள் இறங்கும். எஞ்சின் ஒயில் தண்ணீர்போல் இளகும். ரிங்கும் சிலிண்டரும் பியரிங்கும் ஒன்றாகத் தேயும். அப்படி ஓடிய எஞ்சின் ஒன்றை வாங்கும்போது வெளிப் பெயின்ற்றைப் பார்த்து ஏமாறக்கூடாது.

முதல் வேலை, இறுகிப்போன எஞ்சினை இளக்குவது. பல வருடம் நின்ற வாகனத்துக்குப் புது பற்றறியைப் போட்டுச் சாவியைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள். துருப்பிடித்த ரிங் சிலிண்டரைக் கீறும், இல்லையென்றால் உடையும். நாங்கள் நாலு பிளக்கையும் கழற்றி, டீசலும் கியர்பொக்ஸ் ஒயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விட்டு எட்டு நாள் ஊறவிட்டோம். ஒன்பதாம் நாள் கிராங்கின் முன் நட்டில் ஸ்பனர் போட்டு, மெதுவாக முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டினேன். அலவாங்கைக் கொடுத்து நெம்பக்கூடாது. அரை அங்குலம் அசைந்தது. பின்னேரம் முழுச் சுற்றும் சுற்றியது. அக்காவின் மகள், அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தவள், "மாமா, சுத்துது!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு விஷயம் பிறகு மறந்துபோகும், இப்போதே சொல்லிவிடுகிறேன். மொறிஸ் மைனரில் எஞ்சின் இலக்கம் பிளாக்கின் வலப் பக்கத்தில், டைனமோவுக்கு மேலே ரிவெட் அடித்த சிறு தகடு ஒன்றில் இருக்கிறது. எங்களுக்குப் புத்திமதி சொல்ல வந்த ஒருவர், "வேறை நல்ல பிளாக் ஒண்டை வாங்கி இந்தத் தகட்டைக் கழட்டி அதிலை அடிச்சு விடுங்கோ, ஆருக்குத் தெரியும்" என்றார். மலிவான வழிதான். அது பொய்ப் பதிவு. பிடிபட்டால் வாகனமும் போகும், வழக்கும் வரும். எங்கள் ஆட்கள் சோதனைச் சாவடியில் காகிதத்தை நீட்டி நின்ற வருடங்களை நினைத்தால், காகிதத்தில் ஒன்றும் இரும்பில் இன்னொன்றுமாக வாகனம் வைத்திருக்க மனம் வராது. அக்காவோ அந்தப் பேச்சையே காதில் போடவில்லை. பிளாக்கைக் கோஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டுக் கழுவுவது பட்டறை வழக்கம். தகடு அலுமினியமாக இருந்தால் கோஸ்டிக் அதைத் தின்றுவிடும். அதனால் தொட்டி வேண்டாம் என்று, மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் வைத்துக் கையாலேயே கழுவினோம். இரண்டு நாள் போனது.

எஞ்சினை வெளியே எடுக்க மூன்று தடித்த மரங்களை முக்காலியாகக் கட்டி, இரவல் செயின் புளொக் ஒன்றைத் தொங்கவிட்டோம். எஞ்சின் மட்டும் நூறு கிலோவுக்கு மேல் வரும், மாமரக் கொப்பை நம்ப வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே படுக்கவும் வேண்டாம். கழற்றும் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதியவள் மருமகள்தான். முட்டை வைக்கும் காகிதத் தட்டுகளில் குழிக்கு இலக்கம் போட்டு வால்வு, புஷ் ரொட், டப்பற் எல்லாவற்றையும் இருந்த ஒழுங்கிலேயே அடுக்கினாள். பழைய கேம்ஷாப்ட்டைத் திரும்பப் போடுவதாக இருந்தால் அந்தந்த டப்பற் அந்தந்த இடத்துக்கே போக வேண்டும். மாறினால் ஒன்றையொன்று தின்னும். பியரிங் மூடிகளும் அப்படித்தான். எந்த மூடி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று சென்ரர் பஞ்சால் குறி வைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

இனி அளவு. காசு மிச்சப்படுவதும் வீணாவதும் இந்த இடத்தில்தான். பட்டறைக்குப் போகமுன் உங்கள் எஞ்சின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு விலை கூடிய போர் கேஜ் தேவையில்லை, ஒரு பீலர் கேஜ் போதும். பழைய ரிங் ஒன்றைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக இருத்துங்கள். மேலே, ரிங் அதிகம் தேய்க்கும் இடத்தில், ரிங்கின் இரண்டு நுனிகளுக்கும் இடையிலான இடைவெளியை அளவெடுங்கள். பிறகு ரிங்கைத் தேயாத அடிப்பகுதிக்குத் தள்ளி மறுபடி அளவெடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் பிரித்தால் சிலிண்டரின் விட்டம் எவ்வளவு அகன்றிருக்கிறது என்று வரும். எங்களுக்கு மேலே 34 தவு, கீழே 9 தவு. வித்தியாசம் 25, பிரித்தால் ஏறத்தாழ 8 தவு. தவு என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த அளவு தேய்ந்த சிலிண்டரில் புது ரிங்கை மட்டும் போட்டால் ஆறு மாதத்தில் மறுபடி புகைக்கும். மூன்று நாலு தவு என்றால் ரிங்கை மாற்றிச் சமாளிக்கலாம். எட்டு என்றால் போர் பண்ணத்தான் வேண்டும்.

இந்த எஞ்சின் 1098 சிசி, 1962க்குப் பிறகு வந்த மொறிஸ் மைனர்களில் இருப்பது. சிலிண்டர் விட்டம் கம்பனி அளவில் 64.58 மில்லிமீற்றர். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 10, 20, 30, 40 தவு என்று படிப்படியாக வரும். எங்கள் பிஸ்டனின் தலையில் கரியைச் சுரண்டியபோது 020 என்று பொறித்திருந்தது. யாழ்ப்பாணத்திலோ எங்கேயோ யாரோ ஒருவர் ஏற்கெனவே ஒருமுறை போர் பண்ணியிருக்கிறார். ஆக மிச்சம் இருந்தது 30 அல்லது 40. கடைசிப் படி 40. அதற்கு மேல் ஸ்லீவ் அடித்து மறுபடி ஸ்டாண்டர்ட் அளவுக்கு வரலாம், ஆனால் நாலு ஸ்லீவும் அதற்கான கூலியும் எங்கள் காசுக்குள் வரவில்லை. 30 போட்டால் இன்னொரு ஆயுள் மிச்சம் இருக்கும் என்று ஆசைப்பட்டேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் முழுக்க அலைந்தும் 40தான் கிடைத்தது. சரி என்று வாங்கினேன்.

வாங்கிய ஒழுங்கையும் கவனியுங்கள். முதலில் பிஸ்டன், அதற்குப் பிறகுதான் பட்டறை. இதை நான் முன்பொருமுறை இன்னொரு எஞ்சினில் பட்டுத் தெரிந்துகொண்டேன். 20க்கு வெட்டச் சொல்லிவிட்டு பிஸ்டன் தேடிப் போனேன், 20 எங்கேயும் இல்லை. வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. பிஸ்டனைக் கையில் கொடுத்தால் லேத்காரர் அதை மைக்ரோமீற்றரில் அளந்து, அதற்குரிய இடைவெளி விட்டு ஒவ்வொரு சிலிண்டரையும் வெட்டித் தருவார்.

திருகோணமலையில் லேத் வேலைக்கு ஒரு மரபு இருக்கிறது. 1957 வரை இங்கே பிரித்தானியக் கடற்படையின் தளம் இருந்தது. டொக்யார்ட்டில் பிற்றர், ரேணர் வேலை பழகியவர்கள் ஊருக்குள் கைத்தொழிலைக் கொண்டுவந்தார்கள். எனக்கு வேலை பழக்கிய பாஸ் அப்படியொருவரிடம் பழகியவர். மூதூர் கிழக்கைச் சேர்ந்தவர். 2006இல் சம்பூர்ப் பக்கமிருந்து எல்லோரும் ஓடியபோது உடுத்த உடுப்போடும் ஒரு மைக்ரோமீற்றரோடும் வந்தவர். கிளிவெட்டி முகாமில் இருந்தபோதும் அதை ஒயில் துணியில் சுற்றியே வைத்திருந்தார். 2015க்குப் பிறகு காணிக்குத் திரும்பிப் போனபோது வீடு இருந்த இடம் பற்றையாகக் கிடந்தது. எங்கள் கிராங்கை அளக்க அவரைத்தான் கூட்டிவந்தேன்.

அவர் அளந்து சொன்னார்: "இது முந்தியே பத்து அடிச்சிருக்கு தம்பி. இப்ப இருபதுக்குப் போகோணும்." பழைய பியரிங் செல்லின் முதுகிலும் 010 என்றுதான் இருந்தது. கிராங்கின் கழுத்துகள் வட்டம் கெட்டு முட்டை வடிவாகியிருந்தன. அந்த நிலையில் புதுச் செல் போட்டால் காசைக் கடலில் போட்டதற்குச் சமம். 20க்குக் கிறைண்ட் பண்ணி, 20 அண்டர்சைஸ் செல் வாங்கினோம். கிறைண்ட் பண்ணி வந்த கிராங்கின் எண்ணெய்த் துளைகளுக்குள் உலோகத் தூள் நிற்கும். அதைத் தூண்டில் நூலில் முடிச்சுப் போட்டு மண்ணெண்ணெயில் நனைத்து இழுத்து, கறுப்பு வராத வரைக்கும் கழுவினோம். புதுச் செல்கள் முதல் பத்து நிமிடத்தில் நாசமாவதற்கு இந்தத் தூள்தான் பெரும்பாலும் காரணம்.

போர் பண்ணி வந்த பிளாக்கும் அப்படித்தான். மண்ணெண்ணெய் மட்டும் காணாது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு, வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்க்க வேண்டும். தேய்த்து முடித்த கையோடு ஒயில் பூசுங்கள். எங்கள் ஊரில் கடற்காற்று ஒரே இரவில் சிலிண்டருக்குள் செம்மஞ்சள் படலம் கட்டிவிடும்.

சிலிண்டர் ஹெட்டுக்கு வருகிறேன். லேத்தில் கொடுக்கமுன் வெடிப்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நன்றாகச் சுரண்டிக் கழுவி, மண்ணெண்ணெய் பூசி, சிறிது நேரம் விட்டு ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, சோக்குத் தூளைத் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, தூளில் ஈரக் கோடாகத் தெரியும். வால்வு இருக்கைகளுக்கு இடையில்தான் முதலில் பார்க்க வேண்டும். எங்கள் ஹெட் தப்பியது. ஆனால் புகை வால்வுகளின் இருக்கைகள் உள்ளே புதைந்திருந்தன. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்யப்பட்டது. ஈயம் இருக்கைக்கும் வால்வுக்கும் இடையில் மெத்தைபோல நின்று காத்தது. 2002இல் இலங்கையில் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது, அது நல்ல விஷயம்தான், பிள்ளைகளின் மூளைக்கு ஈயம் நஞ்சு. ஆனால் பழைய இரும்பு ஹெட்டுகள் அன்றிலிருந்து தேயத் தொடங்கின. நாலு புகை வால்வுகளுக்கும் கடின உலோக இருக்கை அடித்தோம். உள்வாங்கும் வால்வுகளுக்கு அது தேவையில்லை, அரைத்து எடுத்தால் போதும். எட்டுக்கும் அடிக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். கேட்கவில்லை, பாதிக் காசு மிஞ்சியது.

எதைப் புதிதாக வாங்குவது, எதைத் திரும்பப் போடுவது என்பதில் என் முடிவு இப்படி இருந்தது. கஸ்கட் செற், ரிங், செல், ரைமிங் செயின், வெல்ஷ் பிளக், தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் புதிது, இவற்றில் கஞ்சத்தனம் கூடாது. கேம்ஷாப்ட், டப்பற், புஷ் ரொட், ஹெட் ஸ்ரட் எல்லாம் பழையவை, பார்த்து நல்லதென்றதால் திரும்பப் போட்டோம். ஒயில் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தேன், கீறல் இல்லை, வைத்துக்கொண்டேன். பின்பக்கம் ஒயில் சொட்டுவதை நிறுத்த ஒரு சதமும் செலவழிக்கவில்லை. இந்த எஞ்சினில் கிராங்கின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது, திருகுக் கோடு ஒன்றுதான் ஒயிலைத் திருப்பி அனுப்புகிறது. நின்ற இடத்தில் நாலு சொட்டு விடுவது அதன் பிறவிக் குணம். மொறிஸ் மைனருக்குப் பாகம் கிடைக்காது என்று பயப்படவும் தேவையில்லை. 1990களில் தென்னிலங்கையில் இந்தக் காரின் தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள்.

பொருத்தும்போது நட்டுகளை இறுக்கும் அளவு முக்கியம். பிரதான பியரிங் 60 அடி-இறாத்தல், கனெக்டிங் ரொட் 35, ஹெட் 40. ஹெட்டை நடுவில் தொடங்கி வெளிப்புறமாக, மூன்று தடவையில் படிப்படியாக இறுக்க வேண்டும். டோர்க் ஸ்பனர் இல்லாதவர்களுக்குப் பாஸ் காட்டிய வழி ஒன்று. மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசு இங்கே எந்த வாடியிலும் கிடைக்கும். ஸ்பனரின் பிடியில், நட்டின் மையத்திலிருந்து சரியாக ஓர் அடி தூரத்தில் தராசைக் கொளுவி, பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 18 கிலோ காட்டினால் 40 அடி-இறாத்தல். 35க்கு 16 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 60க்கு 27 கிலோ. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இரவல் டோர்க் ஸ்பனரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. தராசு சரியாக இருக்கிறதா என்று தெரிந்த நிறை ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு இழுங்கள்.

புது ரிங்கையும் சிலிண்டருக்குள் விட்டு நுனி இடைவெளியை அளக்க வேண்டும். 7 முதல் 12 தவு வரை இருக்கலாம். அதிலும் குறைந்தால் சூட்டில் நுனிகள் முட்டி ரிங் உடையும், மெல்லிய அரத்தால் ஒரு நுனியைத் தேய்த்துச் சரிசெய்யலாம். ஒவ்வொரு பிஸ்டனாகப் போட்ட பிறகும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு பிஸ்டனுக்குப் பிறகு திடீரென்று இறுகினால் பிழை அந்த இடத்தில்தான். எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் தேடினால் நாளெல்லாம் போகும்.

வால்வு இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கும்போது 12 தவு. இதற்கு ஓர் ஒன்பது கணக்கு உண்டு. முன்னிருந்து எண்ணி, எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ அந்த இலக்கத்தை ஒன்பதிலிருந்து கழித்தால் வரும் வால்வைச் சரிசெய்யலாம். ஒன்று திறந்திருந்தால் எட்டு, மூன்று திறந்திருந்தால் ஆறு. மருமகள் இதைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, எட்டையும் அவளே செய்தாள். பிளக் இடைவெளி 25 தவு, பொயின்ற் 15 தவு, தீப்பற்றும் ஒழுங்கு 1-3-4-2.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பயந்த கதையையும் சொல்ல வேண்டும். 20டபிள்யு-50 ஒயில் மூன்றரை லீற்றருக்கு மேல் விட்டு, பிளக்குகளைக் கழற்றி வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். பிளக் இல்லாவிட்டால் பாரம் இல்லை, பியரிங்குக்கு ஆபத்து இல்லாமல் ஒயில் ஏறும். ஒயில் விளக்கு அணையவில்லை. மறுபடி சுற்றினேன். அணையவில்லை. அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. இரவல் பற்றறியும் களைக்கத் தொடங்கியது. ஒயில் பாதையில் எங்கேயோ துணி அடைத்துவிட்டோமோ, கஸ்கட்டை மறுபக்கம் போட்டுவிட்டோமோ என்று அந்த ஐந்து நிமிடத்தில் என் தலைக்குள் எஞ்சின் மூன்று தரம் பிரிந்து கட்டியது.

பாஸுக்குப் போன் பண்ணினேன். "பம்ப்பைக் கழுவிப் போட்டுக் காயவே பூட்டினனீ?" என்றார். ஓம். பம்ப் காய்ந்திருந்தால் ஒயிலை உறிஞ்சாது, கிணற்றுப் பம்ப்புக்குத் தண்ணீர் விடுவதுபோல் அதற்கும் விட வேண்டும். பூட்டும்போதே ஒயில் நிரப்பியிருக்க வேண்டியது, மறந்துபோனேன். ஒயில் பிறசர் ஸ்விச்சைக் கழற்றி, பாமசியில் வாங்கிய 50 மில்லிலீற்றர் சிரிஞ்சால் அந்தத் துளைக்குள் ஒயிலைச் செலுத்தினோம். நாலு சிரிஞ்ச். ஸ்விச்சைப் பூட்டிச் சுற்றியதும் எட்டாவது விநாடியில் விளக்கு அணைந்தது. பிளக்குகளைப் போட்டுக் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டேன். அந்தச் சின்னப் போத்தலைப் பிடித்தபோது யாழ்ப்பாணம்தான் ஞாபகம் வந்தது. மூன்றாம் தடவையில் பிடித்தது.

காசுக் கணக்கு: பிஸ்டன், செல், கஸ்கட் முதலிய பாகங்களுக்கு மொத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூட. லேத் வேலைக்குக் காற்பங்கு. மிச்சத்தில் ஒயில், குழாய், பிளக், கொழும்புப் பயணம். கடைசியில் 11 ஆயிரம் ரூபாய் கூடிப்போனது. என் கூலியும் பாஸின் கூலியும் இதில் இல்லை. பாஸ் ஒரு சதமும் வாங்க மறுத்துவிட்டார். பல வருட வருமான அனுமதிப்பத்திர நிலுவையும் ரயரும் தனிச் செலவு, அதற்கு இன்னும் மூன்று மாதம் எடுத்தது. 2025 மாசியில் வாகன இறக்குமதி மறுபடி திறந்தாலும் வரியோடு சேர்த்த விலையைப் பார்த்தால் இந்தக் கணக்கு இன்றைக்கும் நியாயமாகத்தான் தெரிகிறது. விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் என் தொகையை விடப் பங்கீட்டைப் பாருங்கள்.

முதல் 800 கிலோமீற்றருக்கு ஓட்டிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 60க்கு மேல் போகவில்லை, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவில்லை, மேட்டில் எஞ்சினைத் திணறவிடவில்லை. 2022இல் கியூஆர் அட்டைக்குக் கிடைத்த பெற்றோலை எண்ணி எண்ணி அடித்த ஊர் இது. சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்ற ஊரில் நாங்கள் போத்தலோடு வரிசையில் நின்றோம். ஆகவே ரன்னிங்-இன் ஓட்டத்தையும் வீணாக்காமல் நிலாவெளிக்கும் கன்னியாவுக்கும் வேறு வேலைகளோடு சேர்த்தே ஓட்டினோம். 500 கிலோமீற்றரில் எஞ்சின் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளைத் தராசு வைத்து மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியைத் திருத்தினோம். 800இல் ஒயிலை மாற்றினோம். முதல் ஒயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன், நுண்ணிய சாம்பல் பளபளப்பு இருந்தது. அது புது ரிங் படிவதில் வருவது. செம்பு நிறத்தில் துகள் இருந்தால்தான் செல் தேய்கிறது என்று பயப்பட வேண்டும்.

இப்போது கார் காலையில் ஒன்பது பிள்ளைகளை இரண்டு நடையில் ஏற்றுகிறது. வளவில் அது நிற்கும் இடத்தில் ஒயில் சொட்டுவதற்கு மருமகள் ஒரு பழைய தகரத் தட்டு வைத்திருக்கிறாள். அனுமதிப்பத்திரத்தில் அத்தானின் பெயரும், அவர் யாழ்ப்பாணத்தில் வாங்கியபோது இருந்த அதே எஞ்சின் இலக்கமும்தான் இருக்கின்றன.